நிறுத்தவள்

பகாவ் எண்ணெய் ஆலை வாசலில்
பதினோரு வருடம் லோரி நிறுத்தேன்.
உள்ளே போகையில் ஓர் எடை,
வெளியே வருகையில் ஓர் எடை,
கழித்தால் பழம்.

ஒரு செவ்வாய்க்கிழமை
திரையில் ஏழெல்லாம் ஒன்றாகிவிட்டது.
இடக்கண்ணில் யாரோ சாந்தான் ஊற்றியதுபோல் மூட்டம்.
"மேடம், என் பழம் எங்கே போச்சு?"
என்று கத்தினான் லோரிக்காரத் தவசீலன்.
விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன்.
கழுத்திலிருந்து குதிகால் வரை
கரண்ட் இறங்கிப் போனது.

சிரம்பானில் பெயர் சொன்னார்கள்:
மல்டிபல் ஸ்கிளெரோசிஸ்.
வழியெல்லாம் சொல்லிப் பழகி
வீட்டில் ஒப்பித்தேன்.
என் வீட்டுக்காரர் வயர்மேன்.
"புரியுது. உள்ளே கம்பி இருக்கு,
மேலே ரப்பர்தான் உரிஞ்சிருக்கு" என்றார்.
ரப்பர்!
எங்கள் குடும்பத்தை அது விடவே இல்லை.

குளிர்பெட்டியில் மேல்தட்டில் வாராந்திர ஊசி,
கீழ்த்தட்டில் மத்தி மீன்.
ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.
அதை எனக்குப் புரியவைத்தது
சந்தையில் வல்லாரை விற்கும் ரொஹானா அக்கா:
"பெகாகா தின்னு. ஊசியை விட்டேன்னு வந்து நின்னா
கட்டு ஒன்று பத்து வெள்ளி உனக்கு."

டன் டன்னாய் எண்ணெய்ப்பழம் நிறுத்தவள்
ஒரு கரண்டி எண்ணெயை நிறுத்து ஊற்றுகிறேன்.
ரொட்டி சானாயை நிறுத்தி வைத்தேன்.
ஓர் எழுத்துதான் மாறியது,
என் காலைப் பசியாறலே மாறிப்போனது.
தே தாரிக் மட்டும் சில ஞாயிறுகளில்
கேட்காமலே வந்துவிடும்.

வெயில் ஏறினால் என் கால்கள் ஈரத்துணி.
மீன்கார சூன் ஹோக் சனிதோறும்
மீனோடு ஒரு பை ஐஸ் தருவார்,
கழுத்தைத் தொட்டுக் காட்டி.
அதைத் துண்டில் சுற்றிப் போட்டுக்கொண்டு
கோயிலுக்கும் போகிறேன்.
மீன்வாடைக்கு
அம்மன் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஆடித் திருவிழாவில்
எனக்கென்று தனித் தூக்குச்சட்டி வைத்தார்கள்.
எண்ணெய் குறைவாம், உப்பு குறைவாம்.
நோயாளிச் சோறு என்று எழுதி ஒட்டாத குறை.
"எனக்குப் பந்தியே வேண்டாம்,
இந்தப் பரிதாபமும் வேண்டாம்" என்றேன்.
பக்கத்தில் மைக் திறந்திருந்தது.
தாமான் முழுக்கக் கேட்டது.

அடுத்த வெள்ளி
மரகதவல்லி கரண்டியைப் பிடித்தாள்.
எல்லார் இலையிலும் ஒரே கீரை, ஒரே கூட்டு.
"அப்பளம் எங்கே?" என்று முறைத்தார்கள் ஆண்கள்.
"மலர்க்கொடியைக் கேளுங்க."
கேட்டார்கள்.
பல மாதத்துக்குப் பிறகு
உடம்பு எப்படி என்று கேட்காமல்
அப்பளத்துக்காக என்னோடு சண்டை போட்டார்கள்.
அன்று இரண்டாம் முறை சோறு வாங்கினேன்.

குவாலா பிலாவில் ஹஸிக் இருக்கிறான்.
வயது இருபத்துமூன்று, அதே நோய்,
மருத்துவமனை வேனில் பழக்கம்.
இரவில் கூப்பிடுவான்:
"அக்கா, இன்னிக்கு எத்தனை டன்?"
"மூணு வந்துச்சு. துணி துவைச்சேன்.
அரைதான் மிச்சம்."
"நான் ஒன்றரை கடன்" என்பான்.
சில இரவுகளில் எண்ணே சொல்லமாட்டான்.
நானும் போனை வைக்கமாட்டேன்.

வீட்டிலிருந்து காலைச் சந்தைக்கு
நானூறு அடி இருக்கும்.
எப்போதென்று தெரியாது,
ஐந்து வீட்டு வாசலில்
ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் முளைத்திருந்தன.
எனக்காக என்று யாரும் சொல்லவில்லை.
மழை வந்தால் கவிழ்த்து வைக்கிறார்கள்,
விட்டதும் துடைக்கிறார்கள்.

நேற்று மூன்றாம் நாற்காலியில்
வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.
இடக்கால் எழும்பவே இல்லை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
பிரேக் பிடித்து ஊர்ந்தது.
தவசீலன் தலையை நீட்டினான்:
"மேடம், நிறுத்தவா?"

"வேண்டாம், போ" என்றேன்.
"இன்னும் ரெண்டு நாற்காலி இருக்கு."