கம்பி இல்லாத பதிப்பு

இரும்புப் பெட்டி. எண் போட்டது:
ஐயாயிரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு.
எழுபத்தொன்பது டாலர், வரி தனி.
டெல்பர்ட் மீன் அறுக்கும் கத்தியை எடுத்து
உறையை ஓரமாகக் கீறினான்,
உள்ளே குடல் இருப்பதைப் போல.

வெளியே டுலூத், பிப்ரவரி,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
ஏரி கல்லாகிக் கிடந்தது.
நிலவறையில் ஐந்து பேர்.
படிக்கட்டில் எங்கள் பூட்ஸ்கள்
தம் பாட்டுக்கு உருகிக்கொண்டிருந்தன.

நான்காம் நிமிடம் கப்பல் வந்தது.
கம்பி வரவில்லை.

இதை உங்களுக்கு விளக்கியாக வேண்டும்.
அந்த விண்கப்பல் ஒரு கம்பியில் தொங்கும்.
எழுபத்தெட்டில் தியேட்டரில் தொங்கியது,
வாடகைக் கடை டேப்பில் தொங்கியது,
முதல் டிஸ்கிலும், இரண்டாவதிலும்.
மேல் மூலையிலிருந்து மயிரிழையாய் ஒரு வெளிச்சம்,
ஆறே நொடி.
கண்டவுடன் ஒரு மடக்கு பீர் என்பது
எங்கள் அரசியல் சாசனம்.
அன்று பீர் கையிலேயே நின்றது.

"துடைத்துவிட்டார்கள்" என்றான் டெல்பர்ட்,
கல்யாணப் படத்திலிருந்து
யாரோ தன் தலையை வெட்டிவிட்ட குரலில்.

அதன்பின் ஆளுக்கொரு புகார்.
நீலம் எங்கே, இது ஆஸ்பத்திரிச் சுவர்ப் பச்சை என்றார் ஆர்விட்.
முகமெல்லாம் மெழுகாம்.
பழைய கதவு பெருமூச்சு விட்டுத் திறக்கும்,
இது ஏதோ ஓட்டல் லிஃப்ட்.
யூனிஸ் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
"இவ்வளவு நட்சத்திரமா" என்றாள்.
"டேப்பின் அழுக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்."
எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.
அதைச் சொன்னால்
யார் என்னைக் காரில் வீட்டில் விடுவார்கள்?

கடைசிக் காட்சியில் விமானி
தலைக்கவசத்துக்குள்ளிருந்து திரும்பிப் பார்ப்பாள்.
சிரிப்பாள்.
முப்பத்தேழு வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தவள்.
இப்போது மூக்கின் பக்கத்தில்
ஒரு சொட்டு ஈரம், துல்லியமாக.

"இவள் அழுகிறாள்" என்றாள் லோர்னா.
நாங்கள் திரையைப் பார்த்தோம்.
"அந்தச் சிரிப்பைப் பார்த்த மறுநாள்தான்
ராய்ஸை விட்டு வந்தேன்."
சிப்ஸ் பாக்கெட்டுக்குள் கை விட்டாள்,
எடுக்காமல் வைத்திருந்தாள்.
"வந்ததில் தப்பில்லை" என்றாள் பிறகு,
பாக்கெட்டிடம்.

ஆர்விட்தான் முதலில் பார்த்தார்.
நிறுத்து. பின்னால் போ. இன்னும். நிறுத்து.
கவசக் கண்ணாடியின் வளைவில்
கட்டைவிரல் நகமளவு ஒரு மனிதர்.
மடக்கு நாற்காலி, கட்டம் போட்ட சட்டை,
கையில் ரொட்டி, நடுவே ஏதோ மஞ்சளாக.
பூமியிலிருந்து ஒன்பது ஒளியாண்டு தள்ளி
சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கம்பியைத் துடைத்தவர்களின் கண்ணுக்கு
இவர் படவில்லை.

விளக்குக்காரர் என்றாள் யூனிஸ்.
தயாரிப்பாளரின் மச்சான், வேலை இல்லாதவன், என்றேன்.
லோர்னா தரையில் இறங்கி
திரைக்கு ஒரு முழத்தில் போய் உட்கார்ந்தாள்.
"இன்னொரு கையைப் பாருங்கள்."
இன்னொரு கை மேலே போயிருந்தது,
கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி,
எதையோ பிடித்திருப்பதைப் போல.

அதற்குப் பிறகு பதினோரு தடவை ஓட்டினோம்.
அவர் கடிக்கும்போது குடித்தோம்.
பெட்டியைத் திருப்பி அனுப்பப்போவதாக
டெல்பர்ட் இரண்டு முறை சொன்னான்,
ரசீதைப் பர்ஸில் பத்திரப்படுத்தினான்.

நள்ளிரவில் லோர்னாவின் கார் கிளம்பவில்லை.
டெல்பர்ட் கேபிள் கொண்டுவந்தான்.
சிவப்பு ஒரு முனை, கறுப்பு ஒரு முனை,
ஐந்து பேரும் பனியில் சுற்றி நின்றோம்,
டார்ச் என் கையில், நடுங்கியபடி.
இன்ஜின் இருமியது, நின்றது, இருமியது.

கீழே, நிறுத்திவைத்த திரையில்,
அவர் வாயைத் திறந்தபடி இருந்தார்.