முன்கொணர்ந்த மீதி

நாலாம் குறுக்குத் தெருவில்
கணக்கு இப்போது கணினியில்தான்.
ஆனாலும் முதல் கட்டத்தில் "உ" போடாமல்
நான் தொடங்குவதில்லை.
எழுத்து என்பதால்
கூட்டல் அதைத் தாண்டிப் போய்விடும்.

மூடை இறக்கும்போது சிவனு எண்ணுவான்:
லாபம், ரெண்டு, மூணு...
ஒன்று என்று இந்தக் கடையில் யாரும் சொல்வதில்லை.
முதல் மூடை யார் முதுகில் ஏறினாலும்
அதன் பெயர் லாபம்.

முதலாளிக்கு ஒரு பங்காளி.
பேரேட்டில் பெயர் கதிரேசன்.
செட்டியார் தெருவில் இருப்பு,
ஆடியில் மட்டும் தேரேறி வெளியே வருவார்.
நூற்றுக்கு ஐந்து.
கையொப்பம் கேட்டதில்லை.
நட்டப்பட்ட வருஷத்தில்
கூப்பிட்டும் வரவில்லை.

டொலர் இல்லாத மாதம்
துறைமுகத்தில் கொள்கலன்கள் வெயில் காய்ந்தன.
எங்கள் பின்கட்டில்
எண்ணூறு மூடை மைசூர்ப் பருப்பு
வாய் திறக்காமல் இருந்தது.
"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று
ஊதுபத்தி கொளுத்தினார் முதலாளி.
பொறுத்தோம்.
கிலோவுக்கு இருநூறு ஏறியது.
பங்காளிக்கும் ஏறியது.

அந்த மாதம்தான் சிவனுவின் மகளுக்கு வயிற்றுவலி.
பெரியாஸ்பத்திரியில் மெஷின் பழுது,
ஸ்கேன் வெளியில் எடுக்க வேண்டும்.
ஆறாயிரம் கேட்டான்.
முதலாளி கெட்டவர் இல்லை;
மழை நாளில் எனக்கு ஓட்டோவுக்குக் காசு தருபவர்.
"போன பிறப்பில வச்சது தம்பி,
நாங்க மாத்த ஏலுமா" என்றார்,
உண்மையாகவே வருந்தி.

முன்கொணர்ந்த மீதி.
அது எனக்கு விளங்கும்.
ஆனால் முப்பத்தொரு வருஷத்தில்
சிட்டை இல்லாமல் ஒரு சதத்தையும்
அடுத்த பக்கத்துக்கு நான் கொண்டுவந்ததில்லை.
அவனுடைய பழைய ஏட்டை
யார் பார்த்தது?
யார் கூட்டிச் சரி போட்டது?

ஷட்டர் பாதி இறங்கிய பிறகு
பங்காளியின் கணக்கைத் திறந்தேன்.
பற்று: ஆறாயிரம்.
விபரம் என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு அடித்தேன்: சிவனுக்கு.

ஆறு தாள்.
தெருவிளக்கில் பிடித்து அவன் எண்ணினான்:
லாபம், ரெண்டு, மூணு...

வெள்ளிக்கிழமை முதலாளி பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி பார்த்தார்.
"மகன்ட காசு தகப்பனுக்குப் போறதில
பிழை இல்லைதானே" என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து
பங்காளிக்கு
நூற்றுக்கு நாலு.