அறுபத்தாறு அடி

அறுபத்தாறு அடிச் சங்கிலி.
ஒரு முனை என் கையில், மறுமுனை ஆதம்பாவா கையில்.
மக்ரே துரை குழலுக்குள் ஒற்றைக் கண்ணை விட்டபடி
இடது, இன்னும் இடது என்பார்.
இடதில் வினாசிப்போடியின் வட்டை.
நெல் குடலையில் நின்றது.
மிதித்தோம்.

துரையின் வரைபடத்தில் வாவி ஒரு நீலக் கீறல்.
ஓட்டமாவடி ஆற்றைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு.
'ஓர் இரவில் ஆயிரம் சிப்பாய்' என்று
ஓரத்தில் எழுதியிருந்ததைக் கச்சேரிக் கிளாக்கர் செபமாலை
வாசித்துச் சொன்னார்.
நெல் மூட்டை பற்றி ஒரு சொல்லும் இல்லையாம்.

அந்த மாசியில்தான்
புளியந்தீவில் கொப்பரா வாங்கும் ஜெர்மன்காரன்
என்னைத் தேடி வந்தான்.
நல்ல மனுசன், எருமைத் தயிர் என்றால் உயிர்.
ஆப்பு எத்தனை, பாலத்துக்குத் தூண் எத்தனை?
ஒரு ரூபாயை மேசையில் வைத்துக் கேட்டான்.
மறுகா துரை கூப்பிட்டுக் கேட்டார்,
கொப்பராக்காரன் என்ன கேட்டான்?
அவரும் ஒரு ரூபாய்தான்.
இருவருக்கும் சொன்னேன்,
இருவருக்கும் தப்பாக.

ஆவணியில் தந்தி வந்தது.
ஜெர்மன்காரனை விலங்கோடு தோணியில் ஏற்றினார்கள்.
துறையில் கிடந்த தன் மூட்டைகளை
எண்ணிக்கொண்டே போனான்.
துரையும் சண்டைக்கென்று கப்பலேறினார்.
எங்களுக்குப் பதினொரு நாள் கூலி பாக்கி.

ஆப்புகளைப் பிடுங்கி
வினாசிப்போடி கன்றுகளைக் கட்டினார்.
சங்கிலியில் இப்போது
ஆதம்பாவாவின் தோணி கிடக்கிறது.
அக்கரை எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள்,
கண்ணிக் கணக்கில்தான் சொல்வான்.