தட்டிப் பார்த்தது

சரவணம்பட்டியிலிருந்து மதுவந்தி போனில்:
"அக்கா, ஒரு மிருகம் இருக்கு. கொல்லணும்.
கணக்கு தப்பாமக் கொல்லணும்."
பேர் கொட்டாரன். உயரம் முப்பதடி.
நொய்யல் வற்றிய வருசம்
மணலை உதறிக்கொண்டு எழுந்து வருமாம்.
உடம்பெல்லாம் ஓடு, ஓட்டின் கனம் ஒரு முழம்.
விளையாட்டு தீபாவளிக்கு வெளியீடு.

நான் கணபதியில் ஒரு பம்பு பவுண்டரியில்
கடினம் அளப்பவள்.
பதமேற்றிய தண்டுகளில் வைர முனையை
நூற்றைம்பது கிலோ பாரத்தில் அழுத்தி
குழி எத்தனை ஆழம் என்று பார்ப்பது என் சோலி.
எதிர்க்கிற ஒன்றைத் தினமும் குத்திவிட்டுத்தான்
பஸ் ஏறுகிறேன்.

"ஓட்டுக்கு என்ன கடினம் வெச்சிருக்கே?"
"உச்சபட்சம்."
உச்சபட்சம்னு ஒரு நம்பர் கிடையாது, அம்மணி.
அறுபத்திரண்டு என்று நானே எழுதிக்கொண்டேன்.
அறுபத்திரண்டில் இரும்பு யாருக்கும் வளையாது.
வளையாதது ஒருநாள்
கண்ணாடி மாதிரிப் போகும்.

இரவு ஷிப்டில், ரிஜெக்‌ஷன் தாளின் முதுகில்:
எடையை இரட்டித்தால் அடி இரண்டு மடங்கு,
வேகத்தை இரட்டித்தால் நான்கு.
ஈட்டி மெலிந்தது. நுனி ஊசியானது.
நாலு கிலோ டங்ஸ்டன் கம்பி,
நொடிக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர்.
ஓடு துளைபடும்.
ஆனால் கம்பி தன்னைத் தள்ளியவளையும் தள்ளும்.
கதாநாயகி அறுபது கிலோ;
சுட்ட கணமே நொடிக்கு நூறு மீட்டரில் பின்னால் கிளம்பி
டெக்ஸ்டூல் பாலத்தைத் தாண்டி
யார் வீட்டு மொட்டைமாடியிலோ
காயப்போட்ட மிளகாய்மேல் விழுவாள்.
கணக்கு சரி. கதைதான் இல்லை.

லேத்தை நிறுத்தாமலே நாச்சிமுத்து சொன்னான்:
"எதுக்குங்க துளைக்கறீங்க?
பக்கத்து வீட்டுக்காரன் அவன் செவுத்துல ஆணி அடிச்சான்,
எங்கூட்டுப் பூச்சு பேந்து
சாம்பார்ல விழுந்துச்சு."

உண்மைதான். அடி அமுக்கமாய் உள்ளே ஓடி
மறுபக்கம் முட்டி
இழுப்பாய்த் திரும்புகிறது.
அமுக்கினால் தாங்குகிற எதுவும்
இழுத்தால் தாங்குமென்று சொல்ல முடியாது.

"அப்ப ஒசரத்தை அறுபதடி ஆக்கிடட்டுமாக்கா?"
ஆக்கிக்கோ. எடை எட்டு மடங்கு ஏறும்,
காலின் குறுக்குவெட்டு நாலு மடங்குதான்.
எந்திரிச்சு நிக்கறப்பவே முட்டி நொறுங்கும்,
ஆயுதமே வேண்டாம்.
"முப்பதே இருக்கட்டும்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை நாற்பத்தொரு பம்பு உறைகள் வந்தன.
கால்கிலோ சுத்தியலால் ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
கணீர். கணீர். கணீர்.
பதினேழாவது, டொக்.
வெளியே ஒரு கீறலும் இல்லை.
அச்சுக்குள் இரண்டு பக்கமிருந்து ஓடிவந்த உருகல்
சேரும் முன்னே ஆறிப்போன இடம்.

அப்போதுதான் உறைத்தது:
கொட்டாரனுக்கு யாரும் ஓடு மாட்டிவிடவில்லை,
அது வளர்ந்தது.
வளர்ந்ததில் எங்கோ
ஆறிப்போன ஒரு சந்திப்பு இருந்தே தீரும்.

மதுவந்தியைக் கூப்பிட்டேன்.
"சுத்தியலும் காதும் போதும்."
"அப்படின்னா அவ தொடுற தூரத்துக்குப் போகணுமேக்கா."
"போகணும்."
"அது சும்மா நிக்குமா?"
"நிக்காது."
போனில் கொஞ்சநேரம் ஏசி ஓடுகிற சத்தம்.

தீபாவளிக்கு வந்துவிட்டது.
கதாநாயகி கையில் நீலமாய் எரிகிற வாள்,
எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாத வாள்.
கடைசியில் என் பெயர் ஓடியது,
கனகாம்பரியில் ஒரு கால் குறைந்து.
ஆனால் மதுவந்தி ஒன்றை விட்டுவைத்திருந்தாள்:
இடது தோளுக்குக் கீழே மூன்றாம் ஓட்டில்
வாளை உறையில் போட்டுவிட்டுக்
கல்லால் தட்டினால் மட்டும்
சத்தம் மாறும்.

டீ நேரத்தில் என் போனை வாங்கி நாச்சிமுத்து ஆடினான்.
கல்லோடு கிட்டே போய்ப் போய்
பதினோரு முறை செத்தான்.
பன்னிரண்டாவது முறை காலுக்கடியில் புகுந்து,
தோளேறி, தட்டினான்.
என்னை நிமிர்ந்து பார்த்தான்.
"கேட்டுச்சுங்களா?"

லேத்தை நிறுத்து, என்றேன்.