காப்பு

அமாவாசைதோறும் பத்துப் பேராவது வருவார்கள்
முதுநகர் துறைமுகத்திலிருந்து, சிப்காட்டிலிருந்து.
மஞ்சள் நூல், வேப்பிலை, ஒரே நிபந்தனை:
நாற்பத்தெட்டு நாள் புகை கூடாது, ஹான்ஸ் கூடாது.
அங்காளம்மன் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பேன்.
பூசாரி சொன்னால் நம்புகிறார்கள்.

போன அமாவாசைக்கு
படகு இன்ஜின் மெக்கானிக் மாசிலாமணி.
நெற்றியில் நீறு பூசக் கை நீட்டியதும்
மூக்கைச் சுளித்தான்.
"சாமி, திருநீற்றில் பீடி வாசம்."

உச்சிப் பூசைக்கு முன் ஒன்று,
நடை சாத்தியபின் சூலத்துக்குப் பின்புறம் ஒன்று.
முப்பது வருசம். அவளுக்குத் தெரியாததா?
சூடம் ஏற்றும் தீப்பெட்டியில்தான்
அதையும் பற்றவைத்தேன்.

தட்டில் இன்னொரு நூல் இருந்தது.
மணிக்கட்டை நீட்டி, கட்டு என்றேன்.
டீசல் அப்பிய விரலுக்கு முடிச்சு வழுக்கியது;
பல்லால் இழுத்து இறுக்கினான்.
மந்திரம் தெரியாதே என்றான்.
கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியவரையே
கரையேறவிட்ட ஊர்,
வாயில் வந்ததைச் சொல்லப்பா என்றேன்.

"ஆத்தா, இந்த ஆளைப் பாத்துக்கோ."

இன்று ஆறாம் நாள். கை நடுங்குகிறது.
கிராம்பு மென்று நாக்கு மரத்துவிட்டது.
தீப்பெட்டி அவள் காலடியில். தொடுவதில்லை.
சூடம் கொளுத்த
யாரிடமாவது நெருப்புக் கேட்கிறேன்.