ஆசிரியர் வகை: நிறுவனம்

பொத்தானை அழுத்தினேன்.
இருநூற்றுப் பதினான்கு மேற்கோள்களும்
ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு
வரிசையில் வந்து நின்றன.
காற்புள்ளி காற்புள்ளியின் இடத்தில்,
நூற்பெயர்கள் சாய்ந்த எழுத்தில்,
ஆண்டு அடைப்புக்குள்.
பஹிர் தாரில் மழை. மின்சாரம் இன்னும் போகவில்லை.
நாளை மறுநாள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

எங்கள் நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது.
நான் யெஷிஹரேக். பின்னால் வருவது அப்பா பெயர்.
அவ்வளவுதான்.
மென்பொருளுக்கு அது தெரியாது.
கடைசிச் சொல்லைப் பிடித்து இழுத்து
முதல் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது.
பட்டியல் முழுக்க அப்பாக்கள்.
மகள்களும் மகன்களும் ஆளுக்கோர் எழுத்தாய்
காற்புள்ளிக்குப் பின்னால்.
தலையெழுத்து, வேறென்ன.

'தஃபெரே, ய. அரிப்புப் பள்ளங்களில் வண்டல் அளவீடு.'
தஃபெரே கோந்தர் சாலையில் ஐசூசு லாரி ஓட்டுகிறார்.
ஃபோன் செய்து சொன்னேன்:
அப்பா, மண்ணரிப்பு பற்றி நீங்கள்
மூன்று கட்டுரை எழுதியிருக்கிறீர்கள்.
பின்னால் ஹாரன்கள். யோசித்தார்.
'காசு கொடுத்தார்களா?'
இல்லை.
'அப்படியானால் உன் பேரிலேயே இருக்கட்டும்.'

பாகுமே மூன்றாம் தேதி வெளியான
வேளாண் அலுவலக அறிக்கை ஒன்று.
பதின்மூன்றாவது மாதமா, செல்லாது என்றது மென்பொருள்.
ஐந்தே நாள் உள்ள சிறிய மாதம்தான்.
ஆனால் அந்த ஐந்து நாளும் மழை பெய்தது,
மண் போனது.
மாதத்தை வெறுமையாக விட்டேன்.

பிறகு ஸெனெபெச்.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குப்
பொழிந்தாள் என்று பொருள்.
முழங்கால் சேற்றில் நின்று
நான்கு மழைக்காலம் குச்சி நட்டு
பள்ளம் எவ்வளவு வளர்கிறது என்று அளந்தவள்.
பதினைந்து வயதில்
கல்யாணத்துக்கு ஆடு அறுத்த காலையில்
வீட்டை விட்டு வந்தவள்.
அந்த ஆளின் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை.
படிவங்களில் எழுதுவாள், வேகமாக,
சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல.
இப்போது திரையில்
அவளுடைய நான்கு மழைக்காலத்துக்கும்
அவர் உரிமையாளர்.
அவள், ஸ.

கையால் மாற்றினேன்.
'புதுப்பி' என்றொரு பொத்தான்.
பழையபடி அவர்.
மறுபடி நான். மறுபடி அவர்.
மின்சாரம் போயிற்று. வந்தது.
அவர்.

எங்கள் கணக்கில் இரவு ஐந்து மணிக்கு,
மற்ற உலகத்துக்குப் பதினொன்று,
அமைப்புகளின் அடியில் ஒரு வழி கிடைத்தது.
ஆசிரியர் வகை: தனிநபர், நிறுவனம். ஒன்றைத் தேர்க.
நிறுவனத்தின் பெயரை அது உடைப்பதில்லை.
அமைச்சகத்தை யாரும் தலைகீழாக்குவதில்லை.
வங்கியை முதலெழுத்தாக வெட்டுவதில்லை.
தேர்ந்தேன்.
ஆங்கில அகரவரிசையில்
உலக வங்கிக்கு அடுத்து, கடைசியாக,
ஸெனெபெச்.
அவரும் ஒட்டிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறார்,
வரட்டும்.
'புதுப்பி'யை மூன்று முறை அழுத்திப் பார்த்தேன்.
அசையவில்லை.

எல்லாருக்கும் செய்ய நேரமில்லை.
எனக்குக்கூடச் செய்துகொள்ளவில்லை;
லாரிக்காரர் மூன்று கட்டுரைகளோடு அப்படியே இருக்கிறார்.

ஐந்து மாதம் கழித்து
நெதர்லாந்திலிருந்து புறத்தேர்வாளரின் குறிப்பு:
'கடைசி மேற்கோள். இந்த அமைப்பை நான் அறியேன்.
தலைமையகம் எங்கே?'

வாசலில் உட்கார்ந்து
பூட்ஸிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தவளிடம்
படித்துக் காட்டினேன்.
சிரிக்கவில்லை. சுரண்டி முடித்தாள்.
'எழுது' என்றாள்.
'ஊழியர் ஒருவர்.
மழைக்காலத்தில் விடுமுறை கிடையாது.'