புகைபோக்கிக் கணக்கு

மழை விட்ட மறுநாள்
கூரைகளை அண்ணாந்து பார்த்தபடி தெருவில் இறங்கினேன்.
நியூ ஆர்லியன்ஸில் எத்தனை புகைபோக்கி என்று
ஆண்டவனுக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும்.

ஒன்றுக்கு ஒன்பது ரியால்.
யார் வீட்டில் அடுப்பு எரிகிறதோ
அவர்கள் தெருவிளக்கு எரியவும் தரட்டும்
என்று தீர்த்திருந்தது நகரசபை.
ஏன் என்று கேட்க
என் சம்பளத்தில் இடமில்லை.

முக்குக்கு ஒரு விளக்கு,
குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கும்.
கண்ணாடி பிலடெல்பியாவிலிருந்து, பாதி உடைந்தே வரும்.
எண்ணெய், எது கிடைக்கிறதோ அது:
மீன், கரடிக் கொழுப்பு, ஒரு மாதம் பெலிக்கன்.
பெலிக்கன் எரிந்த மாதம்
மாளிகைப் பெண்கள் ஜன்னலைத் திறக்கவில்லை.
அதற்குப் பேரேட்டில் பத்தி கிடையாது.

டுமேன் தெரு, கடைசி வீடு. யூஃப்ரோசீன்.
துணி வெளுப்பவள்.
தன் விலையைத் தானே கட்டித்
தன்னை வாங்கிக்கொண்டவள்.
வரி ரசீது கேட்டால்
முதலில் அந்த ரசீதைத்தான் எடுத்துக் காட்டுவாள்.
சென்ற ஆண்டு இரண்டு புகைபோக்கி:
வெள்ளாவிக்கு ஒன்று, இஸ்திரிக்கு ஒன்று.
இந்த ஆண்டு ஒன்று.
மற்றதன் வாயைச் செங்கல் வைத்துப் பூசியிருந்தாள்,
பூச்சு இன்னும் ஈரம்.
உள்ளே முழங்காலுக்கு மேல் எல்லாம் புகை.
இருமல் நின்றதும் கேட்டாள்:
"கண் எரிவதற்கும் வரி உண்டா?"

அவள் வாசலுக்கு நேரே
அவள் பணத்தில் தொங்கியது விளக்கு.
அந்த வெளிச்சத்தில் அவளுக்கு ஒரு வேலையுமில்லை.
பொழுது சாய்ந்தால் சாய்ந்துவிடுகிற உடம்பு.

இது வழக்கமான கதைதான்,
வரி வாங்கப் போகிறவனுக்குத் தினமும் நாலு கிடைக்கும்.
நான் சொல்ல வந்தது கயிற்றைப் பற்றி.

அந்த முக்குக் கயிறு பிப்ரவரியில் ஒருமுறை அறுந்தது.
மார்ச்சில் இரண்டு முறை.
ஒவ்வொரு முறையும் கண்ணாடி, திரி, அரைப்படி எண்ணெய்,
புதுக் கயிறு, ஏணிக்காரன் கூலி.
ஏணிக்காரனுக்குக் கூலி இல்லை.
லூபென் அடிமை,
அவனை வாடகைக்கு விட்ட எஜமானுக்குத்தான் கூலி.
எழுதும்போது கை ஒரு கணம் நிற்கும்.
பிறகு எழுதிவிடும்.

அறுந்த நுனியை எடுத்துப் பார்த்தேன்.
தேய்ந்து அற்ற கயிறு பூனை வாலாய்ப் பிசிறும்.
இது வெண்ணெயை வெட்டியதுபோல் இருந்தது.

நான்காம் முறை அறுந்த இரவு
தூக்கம் வராமல் அந்தப் பக்கம் நடந்தேன்.
சதுப்பின் தவளைகள் உட்பட
பழைய இருட்டு அப்படியே திரும்பி வந்திருந்தது.
முதலில் ஒன்றும் தெரியவில்லை.
பிறகு பேச்சு,
அனுமதிச் சீட்டு இல்லாதவர்களின் பேச்சு,
மூச்சைவிடக் கொஞ்சம் சத்தமாக.

யூஃப்ரோசீனின் வேலியோரம்
இஸ்திரிக் கரியின் சிவப்பு விழுந்த இடத்தில் ஒருத்தி
ஒரு சிறுவனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்,
காது, நெற்றி, புதிதாய் விழுந்த பல்லின் இடம்.
அவன் இங்கே ஒரு வீட்டில்.
அவள் அக்கரைக் கரும்புத் தோட்டத்தில்.
விடியுமுன் ஓடம் ஏறவேண்டும்.
விளக்கு எரிந்தால்
ரோந்துக்காரர்களுக்கு அவள் தெரிவாள்,
அவளுக்கு அவன் தெரியமாட்டான்.

லூபென் ஏணியைச் சுவரில் சாய்த்துத்
தெருவின் மறுமுனையைப் பார்த்து நின்றான்.
திரி நறுக்கும் கத்தி இடுப்பில்.
திரும்பியவன் என்னைப் பார்த்தான்.
நான் எச்சில் விழுங்கினேன்.
வேறொன்றும் நடக்கவில்லை.
வந்த வழியே வந்துவிட்டேன்.

பேரேட்டில் எழுதினேன்:
டுமேன் முக்கு, விளக்கு ஒன்று.
சேதத்தின் காரணம்: காற்று.

மேலதிகாரி தோன் பெல்த்ரான்
ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்:
"இந்த முக்கில் மட்டும் வீசுகிற காற்றா?"

பதிலுக்கு மூன்று நாள் தவணை.
இன்று இரண்டாம் நாள்.
வெளியே
ஒரு இலைகூட அசையக் காணோம்.